சம்பந்தி பார்க்க வேண்டிய வால்

அன்று மேசையில் இருந்தவர்கள்: என் தம்பி ஹெர்லிங், அவன் மனைவி டெய்சே, மகள் மெய்ஸ்கே, அவளைப் பெண் கேட்டு வந்த பையன் ஸ்டெவி, பையனின் அப்பா பிரெட்ஸ் லொந்தான், அம்மா நோன்சே, மேசையின் தலைமை இடத்தில் நான். வேறு யாரும் இல்லை. நேரில் பார்த்ததாகச் சொல்லித் திரியும் பக்கத்து வீட்டு யொப்பி வேலிக்கு அந்தப் பக்கம்தான் நின்றான்.

எங்கள் டுமிலார் குடும்பத்தில் சம்பந்தி விருந்து என்றால் காட்டெலி. கோழியைப் போட்டு அனுப்பும் வீடல்ல இது. காட்டெலிக்கு வால் நுனி வெள்ளையாக இருக்கும், வீட்டெலிக்கு இருக்காது. அதனால் வாலோடுதான் பரிமாறுவோம். விருந்தாளி முதலில் வாலைப் பார்ப்பார், பிறகுதான் கரண்டியைத் தொடுவார்.

எலிகள் ஹெர்லிங்கே மலையேறிப் பிடித்தவை. நெருப்பில் மயிர் பொசுக்கும்போது வாலை வெளியே நீட்டிப் பிடிக்க வேண்டும். அவனோ வேலியோரம் யொப்பியிடம் தன் பொறியின் பெருமையை அளந்துகொண்டிருந்தான். திரும்பிப் பார்த்தால் வாலெல்லாம் கரி.

"அட கடவுளே, என்னங்க இது!" என்றாள் டெய்சே.

"கொஞ்சம் கறுத்திருக்கு."

"கொஞ்சமா? வீட்டெலியப் போட்டோம்னு கல்யாணத்தையே நிறுத்திடுவாங்க!"

"கத்தாத. அண்ணன் காதுல விழப்போகுது."

விழுந்தது. நான் குறுக்கிடவில்லை.

எலுமிச்சம்பழம் தேய்த்தான், தோல் கையோடு வந்தது. கடைசியில், குழம்பை இறக்குகிற சமயத்தில், வேலிக்கு அடித்து மீந்த சுண்ணாம்பை எடுத்து ஒவ்வொரு வால் நுனியிலும் பூசினான். பார்க்க நன்றாகவே இருந்தது. காட்டில் இருந்ததைவிட வெள்ளை.

குழம்பு மேசைக்கு வந்ததும் பிரெட்ஸ் ஜெபம் செய்தார். அவர் ஜெபம் சீக்கிரம் முடிவதில்லை. அணிலையும் வௌவாலையும் படைத்ததற்கு அவர் நன்றி சொல்லிக்கொண்டிருந்தபோது ஹெர்லிங் ஒற்றைக் கண்ணைத் திறந்தான். மஞ்சள் போட்ட தேங்காய்ப்பாலில் சுண்ணாம்பு ஊறி, வெற்றிலை போட்ட வாய் மாதிரி, வால்கள் ஒவ்வொன்றாகச் சிவந்துகொண்டிருந்தன.

"ஆமென்" சொன்ன பிரெட்ஸ் குனிந்தார். "என்ன சம்பந்தி, வால் சிவப்பா இருக்கு?"

"அது... மலை உச்சியில மட்டும் இருக்கிற ஜாதி. செவ்வால். கண்ணுல படுறதே அபூர்வம்."

"அப்படியா! டேய் ஸ்டெவி, ஃபோட்டோ எடுடா!"

மிளகாய்க் காரத்தில் மூக்கு ஒழுக, பிரெட்ஸ் திரும்பத் திரும்ப வாங்கிச் சாப்பிட்டார். கள் உள்ளே போகப் போகக் குரல் ஏறியது.

"கல்யாணத்துக்கு ஊர் பூராவுக்கும் செவ்வால்தான்! நாளைக்கே நாம மலையேறுவோம். பொறி வைக்கிற இடத்தக் காட்டுங்க."

"நாளைக்கா? எனக்கு முழங்கால் வலி..."

"நான் தூக்கிட்டுப் போறேன்!"

"அங்க மலைப்பாம்பு ஜாஸ்தி, சம்பந்தி."

"ரொம்ப நல்லதாப் போச்சு. அதையும் சமைச்சிடலாம்! செவ்வாலக் கண்ணால பார்த்துட்டுத்தான் தேதி குறிப்பேன்."

மெய்ஸ்கேயின் கண் கலங்கியது. தட்டை எடுக்கிற சாக்கில் ஹெர்லிங் அடுக்களைக்கு ஓடினான். அதுவரை வாயே திறக்காத நோன்சே கை கழுவப் பின்னாலேயே வந்தார். சுண்ணாம்பு டப்பா அடுப்பு மேடையில் திறந்தே கிடந்தது. அதைப் பார்த்தார். ஹெர்லிங்கைப் பார்த்தார்.

"மஞ்சளோட சேர்ந்தா சிவக்கும், தம்பி. இறக்கி வெச்சு ஆறினப்புறம் பூசணும்" என்றார் மெதுவாக. "எங்க மாமியார் எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தாங்க. வீட்டெலின்னு இன்னிக்கு வரைக்கும் எங்க வீட்டுக்காரருக்கே தெரியாது."

"அக்கா, இது நிஜமாவே காட்..."

"என்கிட்ட எதுக்கு மறைக்கிறீங்க? இப்பதான் எனக்கு நிம்மதி. நம்ம ரெண்டு குடும்பத்துக்கும் அப்படியொரு பொருத்தம்! மலைக்குப் போக வேணாம்னு அவர்கிட்ட நான் சொல்லிக்கிறேன். கல்யாண விருந்துச் சமையல என்கிட்ட விட்டுடுங்க."

தேதி அன்றைக்கே குறிக்கப்பட்டது.

டுமிலார் வீட்டில் சம்பந்திக்கு வீட்டெலி போட்டார்கள் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். நாங்கள் போட்டது அசல் காட்டெலி. வீட்டெலியைச் சாப்பிட்டவர்கள் நாங்கள்தான், கல்யாணத்தன்று, லொந்தான் வீட்டில், வெள்ளை வெளேரென்ற வாலோடு.