ஜப்பான் மிஷனில் வேலை பார்த்தவர்

ஒரே ஒரு சொல்லை, அதையும் தப்பாக, வைத்துக்கொண்டு பதினான்கு வருடம் உத்தியோகம் பார்த்த மனிதர் பினாங்குத் தீவிலேயே ஒருவர்தான். அவர் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. வேறு யாருக்கும் அது தேவைப்படவில்லை. சமையலறையிலிருந்து மாடி வரைக்கும் அவர் 'மிஷன் அண்ணன்'.

நான் ஆபீஸ் வேலை பார்ப்பது ஜார்ஜ் டவுனில் ஒரு முதியோர் இல்லத்தில். கிறிஸ்தவ மிஷன் ஒன்று நடத்துவதால் தெருவில் அதற்கு 'மிஷன் வீடு' என்று பெயர். அதன் துணி துவைக்கும் அறைக்கு ராஜா நம் அண்ணன். அவர் வாயில் மிஷினும் மிஷன்தான். துவைப்பது பெரிய மிஷன், காய வைப்பது சூட்டு மிஷன், நான் நகல் எடுப்பது பேப்பர் மிஷன், மாடித் தாத்தா மாட்டியிருப்பது காது மிஷன். ஒருநாள் திருத்திப் பார்த்தேன்.

"மிஷின், அண்ணே. ஷின், ஷின்."

"அதான் தங்கச்சி நானும் சொல்றேன். மிஷன்."

அத்தோடு விட்டுவிட்டேன்.

அவருக்கு வேலை கிடைத்ததே இந்தச் சொல்லால்தான். அப்போதிருந்த பாஸ்டர் தங்கமான மனிதர், கொஞ்சம் அவசரக்காரர். துணி அறைக்கு ஆள் எடுக்கப் போனிலேயே இன்டர்வியூ நடத்தினார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன்.

"முன்னாடி மிஷன்ல வேலை செஞ்சிருக்கீங்களா?"

"இருபது வருஷமா மிஷன்லதான் சார்."

"அப்படியா! எந்த மிஷன்?"

"ஜப்பான் மிஷன். கொரியா மிஷனும் பாத்திருக்கேன். ஆனா ஜப்பான் மாதிரி வராதுலா."

"ரொம்பக் கஷ்டமான இடமாச்சே!"

"மொதல்ல கஷ்டம்தான் சார். உள்ள என்ன இருக்குன்னு தெறந்து பாத்துட்டா அப்புறம் லேசு."

பாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. ஜப்பானியரின் உள்ளத்தைத் திறந்து பார்த்த ஊழியர் ஒருவர் இத்தனை நாள் கடலுக்கு அக்கரையில் பாகான் டாலாமில் சத்தமில்லாமல் இருந்திருக்கிறாரே! திங்கட்கிழமை காலை பெர்ரியில் மோட்டார் சைக்கிளோடு வந்து இறங்கியவருக்கு நெற்றி நிறையத் திருநீறு, கையில் ஸ்பேனர் பை. பாஸ்டர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துத் துணி அறையில் மிஷின் தண்ணீரைக் கக்கி, அது வாசல் வரை வந்துவிட்டது. அண்ணன் போய்ப் பத்து நிமிடத்தில் நிறுத்திவிட்டு வந்தார். "கர்த்தர் யாரை அனுப்புவார்னு நமக்கென்ன தெரியும்," என்று சொல்லி பாஸ்டர் கையெழுத்துப் போட்டார்.

இன்னொரு தடவை வெளிநாட்டிலிருந்து இளம் ஊழியர்கள் ஆறு பேர் மிஷனைப் பார்க்க வந்தார்கள். வாசலில் நின்ற அண்ணன் கூட்டிக்கொண்டு போனார். அரை மணி நேரமாக ஆளைக் காணோம். தேடிப் போனால், துணி அறையில் ஆறு பேரும் முழங்காலில் நிற்கிறார்கள். ஜெபம் நடக்கிறதாக்கும் என்று நானும் தலையைக் குனிந்து வாசலிலேயே நின்றேன். அண்ணன் சூட்டு மிஷினுக்கு அடியில் டார்ச் அடித்து பெல்ட்டைக் காட்டிக்கொண்டிருந்தார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் தலைமையகத்திலிருந்து கடிதம் வந்தது. எல்லா ஊழியர்களும் இல்லத்தின் 'மிஷன்', அதாவது நோக்கம், என்னவென்று அறிந்திருக்க வேண்டும். அறுபது தாண்டியவர்களை நேரில் கேட்டுப் பார்த்துத்தான் ஒப்பந்தத்தை நீட்டிப்பார்கள். அண்ணனுக்கு அப்போது அறுபத்திரண்டு. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அவருக்கு மிஞ்சியிருந்த பேச்சுத்துணை அந்தச் சூட்டு மிஷின்தான். இந்த வேலையும் போனால் மனுஷன் பாகான் டாலாம் வீட்டில் நாலு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காருவாரே! கடிதத்தில் இருந்த அந்த நோக்கத்தை நான்கு வரியில் தமிழில் எழுதிக் கொடுத்து, மனப்பாடம் பண்ணச் சொன்னேன்.

மறுநாள் கேட்டேன். "பேப்பர் எங்கண்ணே?"

"இங்கதான் இருக்கு தங்கச்சி." சூட்டு மிஷினின் பின்னங்காலைக் காட்டினார். நாலாக மடித்துச் சொருகியிருந்தார். "இப்ப பாரு, மிஷன் ஆடவே இல்ல."

தலைமையகத்திலிருந்து வந்தவர் ஒரு சீன அம்மையார். சிரிக்காத முகம். தமிழ் தெரியாது. நான்தான் மொழிபெயர்ப்பு. மிஷன் என்னவென்றும் அதில் இவர் பங்கு என்னவென்றும் கேட்டார். நான் உள்ளது உள்ளபடி அண்ணனிடம் சொன்னேன்.

"அண்ணே, நம்ம மிஷன் என்னன்னு கேக்குறாங்க. அதுல உங்க வேலை என்னன்னும் கேக்குறாங்க."

அண்ணனுக்கு முகம் வெளுத்துவிட்டது. பழைய சாமான்களைத் தூக்கப் போகிறார்கள் என்று எங்கேயோ கேட்டிருக்கிறார். தன் வேலைக்கு ஆபத்து என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

"பழைய மிஷன்தான், ஒத்துக்கிறேன். சத்தம் போடும், ஆடும், அப்பப்ப ரோசாக் ஆயிடும். நாந்தான் சரி பண்றேன். ஆனா தூக்கிப் போட்டுறாதீங்கன்னு சொல்லு தங்கச்சி. கடைசி ரூம் தாத்தா ஒரு நாளைக்கு நாலு தடவ படுக்கைய நனைப்பாரு. நாலு தடவையும் காஞ்ச துணிதான் விரிக்கிறோம். எம்புட்டு மழை பேஞ்சாலும் இங்க ஒருத்தரும் ஈரத்துல படுத்ததில்ல. அதான் மிஷன். அது நிக்காம பாத்துக்கிறது என் வேலை."

ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னேன். 'மிஷன்' என்ற சொல்லை மட்டும் அவர் வாயிலிருந்து வந்தபடியே விட்டுவிட்டேன். பாவமா புண்ணியமா என்று கர்த்தரும் முருகனும் பேசி முடிவு செய்துகொள்ளட்டும்.

அம்மையார் எழுதுவதை நிறுத்திவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஈரத்தில் படுக்காத அந்த வாக்கியத்தை மறுபடி சொல்லச் சொன்னார். அண்ணனுக்கு இரண்டு வருடம் நீட்டிப்புக் கிடைத்தது.

சில மாதங்களில் பளபளவென்று ஒரு போர்டு வந்தது. மூன்று மொழியில் ஒரே வரி. தமிழில், 'எங்கள் மிஷன்: இங்கே ஒருவரும் ஈரத்தில் படுக்கக் கூடாது.' முன்கூடத்தில் மாட்டச் சொல்லி அண்ணனிடம் கொடுத்தேன். மத்தியானம் வரை முன்கூடத்துச் சுவர் காலி. துணி அறையில் போய்ப் பார்த்தால், சூட்டு மிஷினுக்கு மேலே ஆணியடித்து மாட்டியிருக்கிறது.

"முன்னாடிதானே மாட்டச் சொன்னேன்?"

"மிஷன் இங்க இருக்கு. போர்ட அங்க மாட்டுனா வர்றவங்க தேட மாட்டாங்களா?"

போன வருடம் ஓய்வு பெற்றார். போர்டை முன்கூடத்துக்கு மாற்றச் சொல்லி அதன் பிறகு தலைமையகம் இரண்டு கடிதம் போட்டுவிட்டது. மாற்ற வேண்டியவள் நான். அண்ணன் வைத்த காகிதம் நைந்துபோய் சூட்டு மிஷின் மறுபடி ஆடத் தொடங்கியிருந்ததால், இரண்டு கடிதத்தையும் மடித்து அதன் காலடியில் சொருகிவிட்டேன்.

வாரம் தவறாமல் பாகான் டாலாமிலிருந்து போன் வரும். "மிஷன் எப்படி இருக்கு தங்கச்சி?"

வராத வாரம் நானே கூப்பிட்டுவிடுவேன். அந்தக் குரலைக் கேட்காவிட்டால் எனக்கு வேலை ஓடாது. "ஆடாம நிக்குதுண்ணே, மிஷன்," என்பேன். 'ஷின்' என்று சொல்ல இப்போதெல்லாம் எனக்கும் வாய் வருவதில்லை.