காலால் பேசி, கண்ணால் கேட்ட பெடல் அக்கா

காலால் பேசிக் கண்ணால் கேட்கிறவர் என்று இந்த உலகத்தில் எனக்குத் தெரிந்து ஒருவர்தான் இருக்கிறார். அவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் நைட்டி தைக்கிறார். பெயர் பெடல் அக்கா. சொந்தப் பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். ஆனால் கரண்ட் பில்லில் வருவதுகூடக் காலஞ்சென்ற மாமனார் பெயர்தான்.

முதலில் கால். பொழுதுபோக்காக ரேடியோ அலையில் ஊர்விட்டு ஊர் பேசும் அமெச்சூர் ரேடியோக்காரர்கள், புள்ளியும் கோடுமான மோர்ஸ் சங்கேதத்தை அனுப்ப, மேசைமேல் ஒரு சின்னக் கட்டையை வைத்து விரலால் தட்டுவார்கள். அக்கா ஒரு பழைய தையல் மெஷினின் கால் பெடலுக்கு அடியில் இரண்டு செம்புத் தகடுகளை வைத்து, வயரை இழுத்து ரேடியோவில் சொருகிவிட்டார். ஏன் என்று கேட்டால், "கை சும்மா இருந்தாத்தானட்டி அதால தட்ட? என் கைக்குப் பட்டன் தைக்கிற வேலை இருக்கு" என்பார். மேலே கை நைட்டிக்குப் பட்டன் தைக்கும். கீழே கால் அசாமோடு பேசும்.

கண்ணின் கதை கொஞ்சம் நீளம். அதில் எங்களுக்கும் பங்கு உண்டு.

நானும் என் வகுப்புத் தோழி பிரபாவும் ராஜபாளையத்தில் ஒரு மாடி அறையில், அமெச்சூர் ரேடியோக்காரர்களுக்காக ஒரு ரேடியோ செய்துகொண்டிருந்தோம். போர்டு என் பொறுப்பு, புரோகிராம் பிரபா பொறுப்பு. பழைய ரேடியோவில் ஒவ்வொரு வேலைக்கும் உள்ளே ஓர் உறுப்பு இருக்கும். எங்களுடையதில் ஆன்டெனாவில் விழும் அலையை உடனே எண்களாக்கிக் கம்ப்யூட்டரிடம் கொடுத்துவிடுவோம். வடிகட்டுவது, பிரிப்பது, ஒலியாக்குவது எல்லாம் புரோகிராம்தான். புரோகிராமை மாற்றினால் ரேடியோவே மாறிவிடும்.

ஒரு நாள் தோளில் நைட்டி மூட்டையோடு ஒருவர் படியேறி வந்தார். "ஏட்டி, ரேடியோ செய்யிற புள்ளைக நீங்கதானா?" என்ற சத்தத்தில் பக்கத்து வீட்டு ராஜபாளையம் நாய் இரண்டு முறை குரைத்துவிட்டு, போட்டி போட முடியாது என்று படுத்துவிட்டது. நான் மேலே சொன்னதையெல்லாம் விளக்கினேன். அவர் தலையை ஆட்டினார்.

"அப்ப இது ரெடிமேடு இல்ல. துணி. அவங்கவங்க அளவுக்கு வெட்டிக்கிடலாம்."

"அப்படித்தான் அக்கா."

"அப்ப என் அளவுக்கு ஒண்ணு தச்சுக் குடு. எனக்குக் காது போச்சு."

வருடக்கணக்காகத் தையல் மெஷின் சத்தத்திலேயே இருந்து, மெல்லிய ஒலிகள் அவர் காதைவிட்டுப் போயிருந்தன. "லாரி கேக்கு, மாமியா கேக்கு. ரூபாலி மட்டும் கேக்கலை" என்றார்.

ரூபாலி, அசாமில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பக்கம் இருக்கும் ரேடியோக்காரி. தினமும் காலை ஆறரைக்கு இருவரும் மோர்ஸில் பேசுவார்கள். ஒரு மாதமாக ரூபாலி கூப்பிடுகிறாளா இல்லையா என்றே அக்காவுக்குத் தெரியவில்லை.

"போன்ல பேசலாமே அக்கா?" என்றாள் பிரபா.

"என்னத்தப் பேச? அவ பாஷை எனக்கு வராது, என் பாஷை அவளுக்கு வராது. மோர்ஸுன்னா நாலு இங்கிலீஷ் சுருக்கெழுத்து போதும். ஒருக்கா போட்டோம். ரெண்டு பேரும் செத்த நேரம் ஹலோ ஹலோன்னோம். பொறவு சிரிச்சோம். வச்சிட்டோம்."

"காது கேக்கலைன்னு யாரையாவது விட்டு எழுதி அனுப்பலாமே?"

"அனுப்புனா பாவம்னு மெதுவாத் தட்டுவா. அந்தச் சோலியே எனக்கு ஆகாது."

முதலில் சுலபமான வழியைப் பார்த்தோம். ஒலியின் சுருதியை இறக்கினோம். அது ஊர்ச் சத்தத்தில் கலந்துபோனது. இரண்டாவது வழி, திரை. எங்கள் ரேடியோவில் ஒவ்வொரு சிக்னலும் கம்ப்யூட்டர் திரையில் ஒரு வெளிச்சக் கோடாக மேலிருந்து கீழே வழிந்து இறங்கும். ரேடியோக்காரர்கள் இதை அருவி என்பார்கள். மோர்ஸ் என்றால் அந்தக் கோடு விட்டுவிட்டு விழும். கேட்க முடியாததைப் பார்க்கலாம்!

அக்கா அருவியைப் பார்த்து வாயைப் பிளந்தார். "அய்யனார் கோவில் அருவியே பாதி நாளு காஞ்சு கெடக்கு. ஒங்க அருவி நிக்கவே மாட்டேங்கே!"

ரேடியோவைக் கொண்டுபோய் வைத்த மறுநாளே போன் வந்தது.

"ஏட்டி, ஒங்க அருவி நடுவுல ஒருத்தன் நிக்கான்."

"யாருக்கா?"

"யாருன்னு தெரிஞ்சா ஒன்னைய ஏன் கூப்புடுதேன்? நான் எந்தப் பக்கம் திருப்புனாலும் கூடவே வாரான். வாயத் தொறக்க மாட்டேங்கான். கம்பு நட்ட மாதிரி நடுவுல நிக்கான்."

நாங்கள் பஸ் பிடித்துப் போவதற்குள் அக்கா முடிவுக்கு வந்துவிட்டார். நிற்பவன் தளவாய்புரத்தில் நைட்டி தைக்கும் அவருடைய போட்டிக்காரன். புது மாடலை ரேடியோ வழியாக வேவு பார்க்கிறான். ஒரு காலை முழுக்க 'யார் நீ, யார் நீ' என்று காலால் விசாரித்திருக்கிறார். பதில் இல்லை. நேரே தளவாய்புரம் போய், அவர் கடை மாடியில் ஆன்டெனா இருக்கிறதா என்று ஏறிப் பார்த்திருக்கிறார். இருந்தது டிவி டிஷ். அந்த மனிதர் அக்காவை நைட்டி வாங்க வந்த மொத்த வியாபாரி என்று நினைத்துக் கலர் சோடா வாங்கிக் கொடுத்திருக்கிறார். அக்காவும் அதைக் குடித்துவிட்டு வந்திருக்கிறார்.

உண்மையில் அந்தக் கோடு எங்கள் போர்டிலேயே பிறப்பது. இந்த வகை ரேடியோக்களுக்கு இருக்கும் பிறவிக் குறை. எங்கே திருப்பினாலும் திரையின் நடுவில் நிற்கும். இதைச் சொன்னபோது அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்ப நீங்களே ஒருத்தன உள்ள வச்சுத் தச்சு அனுப்பியிருக்கீங்க!"

கேட்கும் இடத்தைச் சற்று ஓரமாக நகர்த்தி, கோட்டைத் திரைக்கு வெளியே தள்ளினோம். தளவாய்புரத்துக்காரரிடம் மன்னிப்புக் கேட்டீர்களா என்று விசாரித்தேன். "எதுக்கு? அவன் மூஞ்சி அப்படித்தான் இருந்துச்சு."

அடுத்த போன்கள் எல்லாம் ஆல்ட்ரேஷன். ஒரு சிக்னலை மட்டும் பிடித்து மற்றதை விலக்கும் வடிகட்டி அவருக்கு அகலமாக இருந்தது. "இடுப்பு லூசா இருக்கு, பக்கத்து ஆளெல்லாம் உள்ள வாரான். ரெண்டு நூல் பிடி." பிடித்தோம். "இப்ப மூச்சு முட்டுது. ஒரு நூல் விடு." விட்டோம். எங்கள் புரோகிராமின் திருத்தப் பட்டியலில் இன்றும் 'இடுப்பு, ஒரு நூல் விட்டாயிற்று' என்ற வரி இருக்கிறது. அதை எழுதியது பிரபா. நான் அழிக்கவில்லை.

இதற்கு நடுவில் நாங்கள் எதிர்பாராத ஒன்று நடந்தது. கீழே அக்காவிடம் வேலை பார்க்கும் பெண்களின் தையல் மெஷின் மோட்டார்கள் ஆளுக்கொரு விதமாக இரைச்சலைக் கிளப்ப, ஒவ்வொன்றும் திரையில் ஒரு பட்டையாக விழுந்தது. இரண்டே நாளில் அக்காவுக்கு எந்தப் பட்டை யாருடையது என்று அத்துப்படி. மாடியில் இருந்தபடியே கத்துவார்: "மூணாவது பட்டையக் காணோம்! செல்வி, போனக் கீழ வை!"

செல்வி எங்களைப் படிக்கட்டில் மடக்கினாள். "அக்காவுக்குக் காது கேக்கலைன்னு இப்பத்தான் நிம்மதியா இருந்தோம். எங்கேருந்துட்டி வந்தீங்க நீங்க, கண்ணத் தொறந்துவிட?"

எல்லாம் சரியானது. ஒன்று மட்டும் சரியாகவில்லை. மேலிருந்து கீழே விழும் புள்ளிகளை அக்காவால் வேகமாகப் படிக்க முடியவில்லை. பிரபா ஒரு வாரம் உட்கார்ந்து, வரும் மோர்ஸைத் தானே எழுத்தாக்கித் திரையில் அச்சடிக்கும் புரோகிராம் எழுதினாள். பெருமையோடு ஓட்டிக் காட்டினாள்.

"யாரு அனுப்புனாலும் இப்படித்தான் வருமா?" என்றார் அக்கா.

"ஆமாக்கா! சுத்தமா வரும்."

"அப்ப வேண்டாம்."

பிரபாவின் முகம் போன போக்கைச் சொல்லி மாளாது.

"ரூபாலி 'டா'வ, அதான் அந்த நீளக் கோட்ட, இழுப்பா. சந்தோசமா இருந்தா ரொம்ப இழுப்பா. சளி பிடிச்சாக்கூட எனக்குத் தெரியும். இதுல அம்புட்டும் போச்சேட்டி." கொஞ்சம் யோசித்தார். "ஏ கான்சாபுரம், ஒன் அருவியப் படுக்க வையி. தையல் மாதிரி எடமிருந்து வலமா ஓடட்டும். தையல் ஓடுனா என் கண்ணு தப்பாது."

கான்சாபுரம் என்பது பிரபா. அது அவள் ஊர். பெயரைச் சொல்லிக் கூப்பிடும் பழக்கம் அக்காவுக்கு இல்லை. பிரபா அவரைத் திட்டிக்கொண்டே அருவியைப் படுக்க வைத்தாள். கோடுகளும் புள்ளிகளும் துணியில் விழும் தையலாக வரிசை கட்டி ஓடின. எனக்கே அதைப் பார்த்ததும் சிலிர்த்தது.

மறுநாள் காலை ஆறரைக்கு நாங்கள் மூவரும் வெட்டுமேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். தையல்காரப் பெண்கள் யாரும் வந்திருக்கவில்லை. மோட்டார்கள் அடங்கியிருந்தன. திரை சுத்தமாக இருந்தது. மிகவும் சுத்தமாக இருந்தது. ஒரு தையல்கூட இல்லை.

நேரம் ஓடியது. அக்காவின் கையில் ஊசி நின்றுபோயிருந்தது. அப்படி நான் பார்த்ததே இல்லை.

"விட்டுட்டுப் போயிட்டா போல" என்றார். சத்தமில்லாமல் அவர் பேசியும் கேட்டதில்லை.

"நீங்க கூப்புடுங்கக்கா."

"நான் கூப்பிட்டு அவ வரலைன்னா?"

பிரபா எழுந்து நின்று கத்தினாள்: "மிதிங்கக்கா!"

மிதித்தார். எங்கள் சிக்னல் திரை முழுக்கப் பளீரென்று எரிந்து அடங்கியது. வெறுமை. மறுபடி மிதித்தார். வெறுமை. பிறகு, திரையின் கீழ் ஓரத்தில், நூல் பிரிந்த மாதிரி மெலிதாக ஏதோ ஒன்று. பிரபா, "இரைச்சலா இருக்கும்" என்று தொடங்கினாள். அதற்குள் ஒரு கோடு விழுந்தது. நீண்டது. நீண்டுகொண்டே போனது. மோர்ஸில் அவ்வளவு நீளக் கோடு கிடையாது.

"இழுக்கா பாரு! ஏட்டி, எம்புட்டு இழுக்கா பாரு!"

அக்கா எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது. நான் துள்ளியதில் பட்டன் டப்பா கவிழ்ந்து, பட்டன்கள் வாசல்வரை உருண்டன. யாரும் பொறுக்கவில்லை. அவர் நின்றபடியே பெடலை மிதித்தார், படித்தார், சிரித்தார், மிதித்தார். அசாமில் மழை. ரூபாலிக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள், அதில்தான் இன்று நேரமாகிவிட்டது. இத்தனை நாளும் கூப்பிட்டிருக்கிறாள், ஒரு நாள்கூட விடாமல்.

கடைசியில் மூன்று புள்ளி, இரண்டு கோடு. மறுபடியும் மூன்று புள்ளி, இரண்டு கோடு. மோர்ஸில் அது மூன்று; இரண்டு சேர்ந்தால் முப்பத்து மூன்று. ரேடியோக்காரர்கள் விடைபெறும்போது இப்படி எண் அனுப்புவது வழக்கம். எல்லோருக்கும் பொதுவாக வேறோர் எண் உண்டு. இது ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்கு மட்டும் அனுப்பும் அன்பு.

அக்கா அதையே திருப்பி மிதித்தார். ரேடியோவை அணைத்தார். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு எங்களைப் பார்த்து, "கோடு இன்னும் ஒரு நூல் தடியா இருக்கலாம். செஞ்சு கொண்டாங்க" என்றார். பிரபா தலையில் அடித்துக்கொண்டாள்.

நாங்கள் குனிந்து பட்டன்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது மேசைக்கு அடியில் பெடல் அசைந்தது. ரேடியோ அணைந்துதான் இருந்தது. டக், டக், டக். பிறகு இரண்டு நீளம். மறுபடியும் அப்படியே. அவர் எங்களைப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் எழுந்து வெட்டுமேசையில் விரலால் அதையே திருப்பித் தட்டினேன். அவருக்குக் காதில் விழுந்திருக்காது. ஆனால் அவருடைய உள்ளங்கையும் அதே மேசைமேல்தான் இருந்தது.