ஏழாவது வண்டி

மோட்டார் சைக்கிளை ஓட்டியவர்கள் கோடிப் பேர் இருக்கலாம். உதைத்தவர் என்று சொன்னால் உலகத்திலேயே ஒருவர்தான். கம்பெனி டவுன்ஷிப்பில், எங்கள் பிளாக்கில் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருந்த கிக்கர் அண்ணன். சுரங்க ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். சம்பளப் பட்டியலில் அவருக்கு வேறு பெயர் உண்டு. அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்த அவருடைய மாமனாரையே, அப்படி யாரும் இங்கே இல்லை என்று எங்கள் தெருக்காரர்கள் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். ஸ்டோர்ஸில் கிளார்க்காக இருந்த நானும் அதற்கு உடந்தை.

முதல் ஷிப்ட் என்றால் காலையில் அறுபது உதை. வண்டி இருமும், ஒரு தடவை கனைக்கும், அடங்கிவிடும். "இன்னிக்கு அதுக்கு மனசு சரியில்ல" என்று டேங்கைத் தடவிக் கொடுத்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார். சுரங்கத்தில் மலை மாதிரி நிற்கும் இயந்திரங்களை ஓடவைக்கிற மனிதர் வீட்டு வண்டியிடம் தோற்றுக்கொண்டே இருந்தார். எங்கள் வீட்டில் அலாரம் வாங்கவே இல்லை.

ஓடாத வண்டி எங்கே கிடந்தாலும் அவருக்கு மூக்கில் வேர்த்துவிடும். பண்ருட்டியில் ஒன்று, விருத்தாசலத்தில் ஒன்று என்று லாரியில் ஏற்றிக்கொண்டு வருவார். கொல்லையில் துணி காயப்போட இடமில்லாமல் போனது. சாமி அலமாரியில் கார்புரேட்டர் இருந்தது. "எண்ணெய்க் கிண்ணம்னு நெனச்சி திரி போட்டுட்டேன் தம்பி" என்று அண்ணி ஒருநாள் சிரிக்காமல் சொன்னார்.

தொண்ணூறுகளின் கடைசியில் அண்ணன் ரிடையரானார். குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். வடலூரில் பார்த்த வாடகை வீட்டுக்காரர், வாசலில் ஒரு சைக்கிள் நிறுத்தலாம், அதற்கு மேல் இரும்பு எதுவும் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். மாதக் கடைசிக்குள் வழி பிறக்காவிட்டால் எல்லா வண்டியும் பழைய இரும்புக் கடைக்கு. அந்தப் பேச்சை எடுத்தாலே அண்ணனுக்குச் சோறு இறங்காது.

அப்போதுதான் பஸ் ஸ்டாப்புகளில் நோட்டீஸ் ஒட்டினார். 'மாபெரும் மோட்டார் சைக்கிள் கண்காட்சி. அனைவரும் வருக.' அதில் எழுதாத விஷயம் ஒன்று இருந்தது. வாசலில் ஒரு நோட்டு வைப்பார். எந்த வண்டியைப் பற்றி யார் ஆசையாக நாலு வார்த்தை எழுதுகிறாரோ, அவருக்கே அதைச் சும்மா கொடுத்துவிடுவார். "இலவசம்னு போட்டா எடைக்குப் போடறவன்தான் வருவான். புடிச்சி எழுதறவன் வெச்சிக் காப்பாத்துவான்" என்று அண்ணியிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். எங்களுக்கு எப்படித் தெரியும்?

ஞாயிற்றுக்கிழமை, மே மாத வெயில். புது மாடல் வரும், கூண்டுக்குள் வண்டி ஓட்டுவார்கள், தொப்பியாவது தருவார்கள் என்று குடும்பம் குடும்பமாகப் பவுடர் பூசிக்கொண்டு வந்தார்கள். முருங்கை மரத்தடியில் ஸ்டாண்ட் போட்டு ஆறு வண்டிகள். ஓரத்தில் சக்கரமே இல்லாமல், செங்கல் அடுக்கின் மேல் வெறும் இன்ஜினும் டேங்குமாக இன்னொன்று. அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையில் நின்றார்.

"இது ஓடுமாங்க?"

"ஓடும்ங்க. ஒரே ஒரு சாமான் கெடைக்கணும்."

எந்த வண்டியைக் கேட்டாலும் அதே பதில்தான். ஒன்றையாவது ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். உதைத்தார். கூட்டம் எண்ணத் தொடங்கியது. நாற்பதாவது உதையில் அவர் செருப்பு பறந்து முருங்கை மரத்தில் மாட்டிக்கொண்டது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் ஒற்றைச் செருப்போடு நோட்டு இருந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் ஊர்க்காரர்கள் கையில் நோட்டைக் கொடுத்தால் விடமாட்டார்கள். பேர் போடாமல் திட்டியவர்கள்கூடக் வேலைப் பதிவேட்டில் எழுதுகிற கைப்பழக்கத்தில் அடியில் தங்கள் டோக்கன் நம்பரையும் ஷிப்டையும் போட்டிருந்தார்கள். 'ஆறு வண்டி, ஆறும் ஓடவில்லை.' 'நோட்டீஸ் நன்றாக இருந்தது.' 'ஆறையும் அப்புறப்படுத்தவும், கொசு வருகிறது.' 'முருங்கை நன்றாகக் காய்த்திருக்கிறது.' நானும் எழுதினேன். 'ஏழு வண்டி வைத்திருப்பவருக்கு ஒன்றாவது ஓட வேண்டாமா? வெயிலில் நின்றதுதான் மிச்சம்.' பேர் போடவில்லை. நம்பர் போட்டிருந்தேன்.

அந்த வாரமே இரும்புக் கடை லாரி வந்தது. அண்ணன் வெளியே வரவில்லை. துணி காயப்போட இடமில்லை என்று இருபது வருஷம் சண்டை போட்ட அண்ணிதான், ஒவ்வொரு வண்டியாக முந்தானையால் துடைத்து ஏற்றிவிட்டார்.

சாயங்காலம் அண்ணன் நோட்டோடு எங்கள் வீட்டு வாசலில் நின்றார். என் நம்பரை விரலால் காட்டினார்.

"இது நீதான?"

"மன்னிச்சிடுங்கண்ணே."

"அத வுடு. வந்தவன் அத்தினி பேரும் ஆறுன்னு எழுதிக்கினு போயிருக்கான். சக்கரம் இல்லாதத யாருமே சேக்கல. நீ ஒருத்தன்தான் ஏழுன்னு எழுதியிருக்க. ஒன் கண்ணுக்கு அது வண்டியாத் தெரிஞ்சிருக்கு. அத மட்டும் ஏத்தி அனுப்பல. வந்து எடுத்துக்க."

எதைப் பார்த்தாலும் எண்ணிவிடுவது ஸ்டோர்ஸ்காரன் வியாதி. அன்றைக்கு அடியில் இருந்த செங்கல்லைக்கூட எண்ணியிருந்தேன், பதினெட்டு. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கேவலமாக இருந்தது. எடுத்துக்கொண்டேன்.

வடலூர் போன இரண்டாம் வருஷம் அண்ணன் போய்விட்டார். கடைசியாகப் பார்த்தபோது கட்டிலில் படுத்தபடி, "ஸ்டார்ட் ஆச்சா?" என்றார்.

"ஒரே ஒரு சாமான் கெடைக்கணும்ணே" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நானும் ரிடையராகி மூன்று வீடு மாறிவிட்டேன். பதினெட்டுச் செங்கல்லோடு அதுவும் கூடவே வருகிறது. வருகிறவர்கள் இது என்ன இரும்பு என்று கேட்கிறார்கள். வண்டி என்று சொல்கிறேன்.