உமாபதி எழுப்பிய மணவறை

முகூர்த்தத்துக்கு இன்னும் ஒரு மணித்தியாலம்தான். மணவறையோ ஜெர்மனியின் பான் நகரத்துப் பள்ளிக்கூடமொன்றின் விளையாட்டு மண்டபத்து மூலையில், இரும்புக் குவியலாகக் கிடந்தது. பெண்ணைப் பெற்ற உமாபதி அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

மணவறைக்காரர் ஜெயகாந்த் தொலைபேசியில் வந்தார். "அண்ணை, ஓட்டோபான் பெருந்தெருவிலை வாகனமெல்லாம் நிக்குது. வந்த கையோடை பொருத்திப் பூட்டிவிடுறன். நீங்கள் ஒண்டையும் தொடாதேங்கோ."

தொடாதே என்றால் தொட்டே தீருகிற பிறவி உமாபதி.

"சாமானை முதலே இறக்கி வைச்சிட்டார். பூட்டுறது பெரிய வேலையே?" என்று வேட்டியை மடித்துக் கட்டினார். உதவிக்கு மாப்பிள்ளையின் நண்பன் ராகவ் அகப்பட்டான். சென்னைக்காரன், இங்கே உலோக ஆராய்ச்சி செய்கிறவன்.

"தம்பி, அந்தக் கம்பியை எடுங்கோ."

"எந்தக் கம்பி அங்கிள்? உருண்டையா இருந்தாதான் கம்பி. இது பட்டை, இது சட்டம், உள்ள ஓட்டையா இருக்கிறது குழாய். உங்க கையில இருக்கிறது ஆங்கிள், அங்கிள்."

"எல்லாம் இரும்புதானே, தாங்கோ."

சட்டம் போகவேண்டிய இடத்தில் குழாயைச் செருகினார். அது உள்ளே போனது. திரும்பி வரமாட்டேன் என்றது.

"ஒரு அலவாங்கு இருந்தால் நெம்பலாம்."

"அலவாங்குன்னா?"

"நீங்கள் கடப்பாரை எண்டுறியள்."

இரண்டு பெயர் இருந்தும் பொருள் ஒன்றுகூட இல்லை. குழாயை அப்படியே விட்டுவிட்டு மற்றவற்றைப் பூட்டினார்கள். நான்கு கால்களும் எழுந்த பிறகுதான் தெரிந்தது, முன்பக்கத்து மேல் சட்டத்தைக் காணவில்லை.

உமாபதி ஜன்னலின் திரைச்சீலைக் கம்பியைக் கழற்றினார். சுவரில் கொஞ்சமும் கூடவே வந்தது. வைத்துப் பார்த்தால் கம்பி ஒரு சாண் நீளம் குறைந்தது.

ராகவ், உயரம் பாய்கிறவர்களுக்கு வைக்கும் குறுக்குக் கோலைக் கொண்டுவந்தான். நீளம் சரி. பட்டுத் துணியைப் போர்த்தியதும் நடுவில் தொய்ந்துவிட்டது.

"பாரம் தாங்கிற சாமான் வேணும்" என்ற உமாபதியின் கண் பளு தூக்கும் தண்டில் விழுந்தது. இருவரும் மூச்சைப் பிடித்து ஏற்றினார்கள். தண்டு அசையவில்லை, மணவறைதான் மணமகளின் நாற்காலிப் பக்கம் சாய்ந்தது.

மனைவி சுகன்யாதேவி நிறைகுடத்தோடு ஓடிவந்தாள். "இதுக்குக் கீழை என்ரை பிள்ளையை இருத்த ஏலாது. தாலி ஏற முன்னம் தண்டு விழும்."

"விழாது." உமாபதி உடற்பயிற்சிக் கயிறொன்றை எடுத்து, மணவறையைச் சுவரோடு இழுத்துக் கட்டினார். கயிறு மாப்பிள்ளை வரும் வழிக்குக் குறுக்கே நின்றது.

"மாப்பிள்ளை எப்பிடி வாறது?"

"குனிஞ்சு வரட்டும். கலியாணத்துக்குப் பிறகு உதவும்."

மேளம் தொடங்கியது. சம்பந்தியம்மா உள்ளே வந்து அண்ணாந்து பார்த்தார். "நல்ல வடிவாய்க் கிடக்கு. ஆர் செய்தது?"

"நான்தான்."

உமாபதிக்கு உச்சி குளிர்ந்துபோனது. மகளுக்குத் தன் கையாலேயே மணவறை எழுப்பிய தகப்பன் இந்த ஜெர்மனியில் வேறு எவன் இருக்கிறான்? சந்தோஷத்தில் கண்ணும் கலங்கிவிட்டது.

அப்போது பக்கக் கதவால் வேலைக் கையுறை போட்ட இளைஞன் ஒருவன் வந்தான். மணவறையைக் கண்டதும் திகைத்துப்போய் நின்றான்.

"ஐயா, நேற்று இஞ்சை நடந்த வேறை கலியாணத்து மணவறையை இப்பதான் கழட்டி, ஒரு சட்டத்தை எங்கடை வாகனத்திலை ஏத்திப்போட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனனாங்கள். அதுக்குள்ளை ஆர் இதைத் திரும்பப் பூட்டினது?"