ரசீதய்யாவின் காரும் ரோதமுனியும்

கடவுளை நம்பாதவர்களை எனக்குத் தெரியும். பேயை நம்பாதவர்களையும் தெரியும். இரண்டையும் நம்பாமல், இரண்டிடமும் ரசீது கேட்ட மனிதர் இந்த மலைநாட்டில் ஒருவர்தான். அவருடைய சொந்தப் பெயர் எங்கள் அலுவலகக் கோப்பில் இருக்கிறது. ஆனால் உடப்புசல்லாவை ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் போய் அந்தப் பெயரைச் சொன்னால் ஒருவருக்கும் தெரியாது. ரசீதய்யா என்று கேட்டால் நாய்கூட வழிகாட்டும்.

தோட்ட ஆபீசில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். கலியாணம் கட்டவில்லை. கடையில் ஒரு வாழைப்பழம் வாங்கினாலும் துண்டு எழுதித் தரச் சொல்வார். ஒருமுறை கோயில் உண்டியலில் பத்து ரூபாய் போட்டுவிட்டுப் பூசாரியிடம் கையை நீட்டிக்கொண்டு நின்றாராம்.

"சாமிக்குக் குடுத்ததுக்கு ரசீதாங்கய்யா?"

"சாமிக்குப் போய்ச் சேந்துச்சுன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

நான் நுவரெலியாவில் ஒரு லீசிங் கம்பனியில் வேலை செய்கிறேன். வாகனம் வாங்கக் கடன் கொடுப்பது எங்கள் தொழில். கடன் முடியும்வரை வாகனம் எங்கள் பெயரில் இருக்கும், ஓட்டுகிறவர் மாதாமாதம் தவணை கட்டுவார். ரசீதய்யா ஓய்வு பெற்றபோது கிடைத்த ஈபிஎஃப் பணம் முழுவதையும் முன்பணமாகக் கட்டி, மீதிக்கு எங்களிடம் கடன் எடுத்து, புத்தம் புதிதாக ஒரு சின்னக் கார் வாங்கினார். தோட்டத்து ஆட்களை ஆஸ்பத்திரிக்கும் டவுனுக்கும் ஏற்றிப்போய் ஹயர் ஓடிப் பிழைத்துக்கொள்ளலாம் என்பது திட்டம். முப்பத்தைந்து வருட உழைப்பு அந்த நாலு சக்கரத்தின் மேல் நின்றது.

மூன்றாவது வாரமே கார் தன் குணத்தைக் காட்டியது.

தோட்டத்திலிருந்து பெரிய ரோட்டுக்கு வருகிற வழியில் மூடிப்போன தேயிலை ஃபெக்டரி ஒன்று உண்டு. கூரைத் தகரம் பாதி போய், ஜன்னல் எல்லாம் கண்ணில்லாத குழிகளாக நிற்கும். அதை ஒட்டி ஒரு வளைவு. பகல் பதினொரு மணிக்கும் அங்கே மிஸ்ட் இறங்கி நிற்கும். அந்த வளைவில் ரசீதய்யா தனியாக வந்துகொண்டிருந்தபோது, பக்கத்துச் சீட்டில் இருப்பவர் பெல்ட் போடவில்லை என்று கார் மணியடித்தது. பக்கத்துச் சீட்டில் ஒரு துண்டுத்தாள்கூட இல்லை. மழை இல்லாமலே வைப்பர் ஆடியது. நாலு கதவின் பூட்டும் ஒரே நேரத்தில் டக்கென்று திறந்தது. பிறகு எஞ்சின் செத்தது. ஒரு பக்கம் மலை, மறு பக்கம் அதலபாதாளம்.

வேறு யாராக இருந்தாலும் காரை விட்டுவிட்டு ஓடியிருப்பார்கள். இவர் கொப்பியை எடுத்து நேரத்தைக் குறித்தார். பிறகு வெறும் சீட்டுக்குப் பெல்ட்டை மாட்டிவிட்டார். மணி நின்றது. அதையும் குறித்துக்கொண்டார்.

லயத்து ஆட்களுக்கு, தொழிலாளர் வரிசை வீடுகளில் இருப்பவர்களுக்கு, இது விளங்காத விஷயமே இல்லை. கொழுந்து பறிக்கிற ராக்கம்மா என்னிடமே விளக்கினாள்.

"ஃபெக்டரி மிசினுக்குக் காவல் ரோதமுனிங்க சார். ரோதை சுத்துற எடத்துலதான் அது குடியிருக்கும். ஃபெக்டரிய மூடிட்டாங்க, அது எங்க போவும்? நாலு ரோதை வச்ச வண்டி வந்துச்சு, ஏறி ஒக்காந்துக்கிருச்சு."

ரோதை என்றால் சக்கரம். அவள் சொன்ன விதத்தில், முனி வேலை போன ஆள் மாதிரி ரோட்டோரம் கைகாட்டி நிற்பதாக எனக்குத் தோன்றியது. அதற்குப் பிறகு அந்த வழியில் போகும்போது ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிடுவேன்.

காரை விற்ற கொழும்புக் கம்பனி மூன்று தடவை ஏதேதோ மாற்றிப் பார்த்தது. மூன்று தடவையும் அதே வளைவில் அதே கூத்து. கடைசியில், ரசீதய்யா அனுப்பிய கடிதக் கட்டின் பாரம் தாங்காமல் இறங்கி வந்தார்கள். தங்கள் இன்ஜினியர் பழுதைத் தன் கண்ணால் கண்டு கையெழுத்துப் போட்டால் காரைத் திருப்பி எடுத்துப் பணத்தைத் தருகிறோம், இரண்டு தடவை வருவார், இரண்டிலும் காணாவிட்டால் கோப்பை மூடுவோம் என்றார்கள். மூடினால் என்ன ஆகும் என்பது எனக்குத்தான் நன்றாகத் தெரியும். ஹயருக்கு ஒருவரும் ஏற மாட்டார்கள். தவணை நிற்கும். காரை நாங்களே தூக்கிவந்து கிடைத்த விலைக்கு விற்போம். அவருடைய ஈபிஎஃப் காற்றோடு போய்விடும்.

முதல் நாள் இன்ஜினியர் வந்தார். கொழும்பு சிங்களவர், நல்ல மனிதர், மரியாதைக்குத் தமிழிலேயே பேசினார். அந்த வளைவில் பதினான்கு தடவை போய் வந்தார்கள். மிஸ்ட் இருந்தது, இருட்டு இருந்தது, ஆனால் கார் மாப்பிள்ளை வீட்டுக்கு வந்த பெண் மாதிரித் தலை குனிந்து ஓடியது.

"ஐயா, கார் நல்லம் தானே? ஒண்ணும் இல்லை," என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்.

அன்று பின்னேரம் ராக்கம்மா முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள். "இனிமே பயப்படாதீங்கய்யா. நேத்து லயமே சேந்து காசு போட்டு, சேவல் அறுத்து, சாராயம் சுருட்டு வச்சு, முனியெ ஒங்க கார்லருந்து எறக்கிட்டோம்!"

ரசீதய்யா அப்படியே காரின் பானட்டில் சாய்ந்துவிட்டார்.

"யாரெக் கேட்டு எறக்குனீங்க?"

"நல்லதுன்னுதானேங்கய்யா செஞ்சோம்?" அவள் முகம் சுருங்கிப்போனது. அவரும் அதற்கு மேல் அவளை ஏசவில்லை. நேரே பூசாரியிடம் போனார்.

"எறக்குனதெ ஏத்து."

"ஐயா, எறக்குறதுக்குத்தான் மந்திரம் இருக்கு. ஏத்துறதுக்கு எங்க பாட்டன்கூடச் சொல்லித் தரல."

"அப்ப நான் என்னா செய்றது?"

"நீங்களே போய்க் கேட்டுப் பாருங்க. அது பழைய ஆளு. மரியாதையாக் கேட்டா வரும்."

மரியாதை என்றால் ரசீதய்யாவுக்குத் தெரிந்தது ஒன்றுதான். விண்ணப்பம் எழுதினார். சாட்சிக்கு என்னையும் வரச்சொன்னார். மாலை நாலு மணிக்கு மூடிய ஃபெக்டரிக்குப் பின்னால், குங்குமம் அப்பிய கல்லின் முன்னால் நின்றோம். பூசாரி, நான், மிஸ்ட். ரசீதய்யா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

"ஐயா, மேற்படி வாகனம் தொடர்பாகத் தாங்கள் இதுவரை வழங்கிவந்த ஒத்துழைப்பு, தோட்ட மக்களின் தவறான தலையீட்டினால் தடைப்பட்டுள்ளது. எதிர்வரும் வியாழக்கிழமை முற்பகல் பதினொரு மணிக்கு நடைபெறவுள்ள பரிசோதனைக்குத் தவறாது சமுகமளிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்தினேன். அந்த நேரத்தில்தான் ஃபெக்டரிக்குள்ளே ஏதோ சுற்றியது. கிறீச்... என்று மெதுவாக ஒரு முழுச் சுற்று. பிறகு அமைதி.

பூசாரியின் கையிலிருந்த தேங்காய் கீழே விழுந்தது. "உள்ள ரோதையே இல்லீங்களே," என்றார். "பழைய இரும்புக்காரன் எப்பவோ ஏத்திக்கிட்டுப் போயிட்டானே."

ரசீதய்யா பிரதியின் அடியில் 'கிடைக்கப்பெற்றது' என்று எழுதி, நேரத்தைக் குறித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். ஆனால் எழுத்து கோணலாக விழுந்தது. திரும்பி நடக்கும்போது மூன்று பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டுதான் நடந்தோம்.

வியாழக்கிழமை. ரசீதய்யா ஓட்டினார். இன்ஜினியர் முன்சீட்டில், மடியில் பழுது பார்க்கும் கருவியோடு. நான் பின்சீட்டின் இடது ஓரத்தில். எல்லோரும் பெல்ட் போட்டிருந்தோம். வளைவு நெருங்கியபோது முன்னால் ரோடு தெரியவில்லை, வெள்ளையாக ஒரு சுவர்தான் தெரிந்தது. கார் ஊர்ந்தது.

மணி அடித்தது.

இன்ஜினியர் டேஷ்போர்டைப் பார்த்தார். அதில் பின்சீட்டின் நடு இடத்துக்குச் சிவப்பு விளக்கு. என் பக்கத்தில் இருப்பவர் பெல்ட் போடவில்லையாம். நான் பக்கத்தில் பார்க்கவில்லை. பார்க்கவே இல்லை. சீட் நடுப்பக்கமாக ஒரு பாரம் ஏறியது போலச் சரிந்தது. வளைவல்லவா, சரியத்தான் செய்யும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சுருட்டு வாசம் எங்கிருந்து வந்தது என்பதற்கு என்னிடம் சமாதானம் இல்லை. வைப்பர் ஆடியது. நாலு பூட்டும் திறந்தன. எஞ்சின் செத்தது.

"அம்மோ!" என்றார் இன்ஜினியர்.

"கருவியெப் பாருங்க," என்றார் ரசீதய்யா.

"கருவியில ஒண்ணும் இல்லை ஐயா. எல்லாம் நல்லம் எண்டு காட்டுது."

"அப்ப கண்ணுல கண்டதெ எழுதுங்க."

எழுதினார். பானட்டின் மேல் வைத்து, 'மின்னிணைப்புக் கோளாறு, திருத்த முடியாதது' என்று சிங்களத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். திரும்பும்போது காரில் ஏற மாட்டேன் என்று, பெரிய ரோடுவரை மழைத்தூறலில் நடந்தே போனார். நானும் அவருக்குத் துணையாகப் போவது மரியாதை என்று கூடவே நடந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்தது சண்டை. முனியிடம் பட்ட பயத்தைவிட ரசீதய்யாவிடம் அந்தக் கம்பனி பட்ட பாடுதான் பெரிது. கார் ஓடிய கிலோமீட்டர் முழுவதற்கும் தேய்மானம் கழிப்போம் என்றார்கள். கொழும்புக்கும் நுவரெலியாவுக்கும் கராஜுக்காக ஓடிய ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் துண்டு வைத்திருந்தார் இவர். முதல் முறைப்பாடு கொடுத்த நாளுக்கு முந்திய ஓட்டத்துக்கு மட்டும்தான் கழிக்கலாம் என்று பிடிவாதமாக நின்று வென்றார். பதிவுக் கட்டணம் கேட்டார், கிடைத்தது. காப்புறுதியில் மிச்ச மாதங்களுக்குரியது கேட்டார், கிடைத்தது. கார் கராஜில் நின்ற நாட்களுக்கு எங்கள் வட்டி ஓடியதே, அதை யார் தருவது என்று கேட்டார். பாதி கிடைத்தது. ஹயர் ஓடாமல் இழந்த வருமானமும் சீட் உறைக்குப் போட்ட காசும் கிடைக்கவில்லை.

ஒருநாள் கொழும்பிலிருந்து அந்தக் கார்க் கம்பனியின் கணக்காளர் எனக்குப் போன் எடுத்தார். "பட்டியல்ல பதினேழாவது என்னா சார்? 'முனியை இறக்கிய செலவு, ஆறாயிரத்து நானூறு.' பதினெட்டாவது, 'முனியை மீள அழைத்த செலவு, காகிதம் உட்பட, நூற்றிருபது.'"

பதினெட்டுக்குக் கடைத் துண்டு இணைத்திருந்ததால் தந்துவிட்டார்கள். பதினேழுக்கு ரசீது இல்லை என்று வெட்டிவிட்டார்கள். உழைக்கிற சனம் போட்ட காசு என்று ரசீதய்யா மூன்று கடிதம் எழுதினார். அசையவில்லை.

காசோலை எங்கள் கம்பனிக்குத்தான் வந்தது. மீதிக் கடனையும், முன்கூட்டி முடிப்பதற்கான கட்டணத்தையும் நாங்கள் எடுத்துக்கொண்டோம். எஞ்சியதை அவர் கையில் நானே கொடுத்தேன். ஈபிஎஃப் பணம் ஏறத்தாழ அப்படியே திரும்பிவிட்டது. மூன்று தடவை எண்ணினார். எனக்கு ரசீது எழுதித் தந்தார். கண் கலங்கியிருந்தது; குளிர் என்றார்.

காரை ஏற்றிப்போக லொறி வந்த அன்று லயமே ரோட்டில் நின்று பார்த்ததாம். ஃபெக்டரி வளைவில், பேட்டரி கழற்றிய அந்தக் காரின் வைப்பர் ஒரு தடவை ஆடி நின்றது என்று பூசாரி சத்தியம் செய்கிறார். நான் அங்கே இல்லை, அதற்குச் சந்தோஷப்படுகிறேன்.

இரண்டு வாரம் கழித்து ரசீதய்யா பஸ்ஸில் வந்து என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார். கையில் ஒரு கவர். வீட்டுக்கு இருநூறாக முப்பத்திரண்டு வீடு, ஆறாயிரத்து நானூறு. தன் பணத்திலிருந்து எடுத்து, பெயர் எழுதி, கையெழுத்துக்கு இடம்விட்டு, லயம் லயமாகப் போயிருக்கிறார்.

"யாருமே வாங்கல தம்பி."

"வேண்டாங்கிறாங்களா?"

"வேண்டாம்னு சொன்னாக்கூட எழுதிக்குவேன். குடுக்கவே இல்லைங்கிறாங்க. ராக்கம்மா, 'நாங்க எப்பங்கய்யா குடுத்தோம், எங்ககிட்ட ஏது காசு'ங்கிறா. முப்பத்திரெண்டு வீட்டுலயும் அதே பேச்சு. முகத்தெப் பாத்துப் பச்சைப் பொய் சொல்றாங்க. சம்பளம் கையில வர்றதுக்கு முன்னாடியே கடைக்காரனுக்குப் போயிர்ற சனம் தம்பி அது."

கவரை மேசையில் வைத்தார். திரும்பக் கையில் எடுத்தார்.

"இத எந்தக் கணக்குல போடுறது?"

எத்தனையோ பேருக்கு எத்தனையோ கணக்கு விளக்கியவன் நான். இந்தக் கணக்குக்கு டீ சொன்னேன். கவரைக் கையில் வைத்துக்கொண்டே அதைக் குடித்தார். பிறகு, "என் மேல இவ்வளவு பிரியம்னு எனக்குத் தெரியாமப் போச்சே," என்றார்.

மழை பிடித்துவிட்டது. குடையைப் பிடித்துக்கொண்டு பஸ் நிலையம்வரை கூடவே போனேன். எனக்கும் உங்களை ரொம்பப் பிடிக்கும் ஐயா என்று சொல்லத்தான் போனேன், சனக்கூட்டத்தில் வெட்கமாகிவிட்டது. அவர் இந்தப் பத்திரிகையை வாரம் தவறாமல் வாங்குகிறவர் என்பதால் இங்கே எழுதிவிட்டேன்.