பச்சை வெளிச்சத்துப் பூனை

ஒரு காட்டில், அதுவும் சீனத்து மூங்கில் காட்டில், மிருகங்கள் ஒன்றுகூடிப் புலிப் பண்ணையாரை விரட்டிவிட்டன. அன்று முதல் அங்கே ஒரே நாடகம்தான்: புலிப் பண்ணையாரை விரட்டிய கதை. காலையில் அது, மாலையிலும் அதுவே.

நாடகத்துக்குச் சட்டம் உண்டு. கதாநாயகன் நடுமேடையில் நெஞ்சை நிமிர்த்தி நிற்பான். அவன்மேல் சிவப்பு வெளிச்சம் விழும். வில்லன் மூலையில் கூனிக் குறுகி நிற்பான். அவன்மேல் மங்கலான பச்சை. சிவப்பைக் கண்டால் கூட்டம் கைதட்ட வேண்டும். பச்சையைக் கண்டால் கல்லெறிய வேண்டும்.

கதாநாயகன், கழுதைத் தோழர். குரல் அப்படி. புலியாக நடித்தது லின் என்ற பூனை. முகச்சாயல் அப்படி.

லின்னுக்கு உடம்பெல்லாம் வீக்கம். நாடகக் குழுத் தலைவரான குரங்கிடம் போய் அழுதது.

"தோழரே, ஒரே ஒரு தடவை என்னைச் சிவப்பில் நிறுத்துங்கள். இன்னொரு கல் பட்டால் செத்துப்போவேன்."

"நீ ஏன் அவ்வளவு நன்றாக நடிக்கிறாய்?"

"மோசமாக நடிக்கட்டுமா?"

"நடித்துப் பார். புலியைச் சாதுவாகக் காட்டினாய் என்று கட்டிவைத்து விசாரிப்போம்."

அன்று மாலை கழுதை உச்சஸ்தாயியில் பாடிக்கொண்டிருந்தபோது, நிஜப் புலி திரையை விலக்கிக்கொண்டு வந்து கழுதையின் பின்னால் நின்றது. விளக்குப் பிடித்த ஆந்தை சட்டத்தை மீறாது. நடுமேடை என்றால் சிவப்பு. புலியின் கோடுகள் தகதகத்தன.

லின் மட்டும் அலறியது: "ஐயோ, நிஜப் புலி! ஓடுங்கள்!"

"கேட்டீர்களா பண்ணையாரின் புளுகை!" என்றது வாத்து.

"போடு கல்லை!" என்றது பன்றி.

புலி கழுதையை விழுங்கியது. கைதட்டல் மலையில் மோதித் திரும்பியது. முயல்கள் ஆனந்தக் கண்ணீர் விட்டன. புலி குழம்பிப்போய்க் கூட்டத்தைப் பார்த்தது. பிறகு, கொஞ்சம் வெட்கத்துடன், குனிந்து வணங்கியது.

திரை விழுந்ததும் குரங்கு ஓடிவந்தது. வாலைக் கால்களுக்கிடையில் இடுக்கியிருந்தது, ஆனாலும் தலைவர் அல்லவா, குரல் நடுங்கவில்லை.

"தோழர் லின்! நமக்குப் புதிய கதாநாயகர் கிடைத்துவிட்டார். தினமும் அவர் பக்கத்தில் நின்று பாட ஒரு தோழர் வேண்டும். நீ கேட்டபடியே நாளை உனக்குச் சிவப்பு."

லின் மூலைக்குப் போய், பச்சை வெளிச்சத்தில் இன்னும் கொஞ்சம் குறுகி உட்கார்ந்தது.

"வேண்டாம் தோழரே. கல்லடி இதமாகத்தான் இருக்கிறது."

நீதி: புலி வந்தால் அவசரப்பட்டு ஓடாதே, முதலில் அது எந்த வெளிச்சத்தில் நிற்கிறது என்று பார்.