பார்ப்பதற்கு முன்பே பார்த்தவர்கள்

கடலையும் காட்டையும் கட்டி மேய்க்கத் தெரிந்த அலுவலகம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். தூரத்துத் தீவுக்கூட்டத்துக்கு ஆள் அனுப்பும் சுற்றுலா அலுவலகம் அது. படகுத்துறையில் தகரக் கூரை, ஆமை வரைந்த ஒரு பலகை, ஒரு மேசை, ஒரு மின்விசிறி. மின்விசிறி அதிகாரியை மட்டும் பார்த்துச் சுற்றும்.

தீவுகளைச் சுற்றிவந்தவர்கள் ‘இயற்கைக் காட்சி, வனவிலங்கு, பண்பாடு மூன்றும் பார்த்தேன், மகிழ்ந்தேன்’ என்று படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ஆனால் படகில் போனால் காகிதம் நனைந்துவிடுகிறது. கரைக்கு வந்தால் ஆள் ஓடிவிடுகிறான். அதனால் புறப்படும் முன்பே கையெழுத்து வாங்கிவிடுவார்கள். படித்தவர்கள் படித்தவர்கள்தான்.

படகுக்காரருக்கு அன்றோடு உரிமம் முடிகிறது. அன்று தீவு பார்க்க வந்த பன்னிரண்டு பேருக்குப் பன்னிரண்டு கையெழுத்து இருந்தால்தான் புதுப்பிப்பார்கள். உரிமம் இல்லாமல் வந்தால் படகிலேயே குடித்தனம் பண்ணிக்கொள்ளும்படி பெண்டாட்டி காலையிலேயே வாழ்த்தி அனுப்பியிருந்தாள்.

பதினோரு பேர் மளமளவென்று போட்டார்கள். பன்னிரண்டாவது ஆளான ஓய்வுபெற்ற நர்ஸம்மா பேனாவை மூடி வைத்தார்.

"குடுக்காத மாத்திரைக்கு முப்பது வருஷத்துல ஒரு நாளும் நான் கையெழுத்துப் போட்டதில்ல. பார்க்காத ஆமைக்கு எப்படிப் போடுறது?"

படகுக்காரர் அதிகாரியைப் பார்த்துக் கும்பிட்டார். அதிகாரி பெரிய மனசு பண்ணி, அந்தம்மா மட்டும் திரும்பி வந்து போடட்டும் என்றார்.

கடலில் லேசாக அலை. பதினோரு பேரும் படகைப் பார்த்தார்கள், பிறகு தாங்கள் கையெழுத்துப் போட்ட படிவத்தைப் பார்த்தார்கள். அதுதான் பார்த்தாகிவிட்டதே என்று ஒருவர் நினைவுபடுத்தினார். ஆமை வரைந்த பலகை முன்னால் படம் பிடித்துக்கொண்டு, தேநீர் குடித்துவிட்டு, மகிழ்ந்தவர்களாகவே ஊருக்குக் கிளம்பினார்கள்.

படகு ஒரே ஆளோடு போனது. முதல் தீவில் பாறை தெரியாத அளவுக்குப் பறவைகள். மணலைத் துடுப்புக் காலால் தள்ளித் தள்ளி முட்டையிட இடம் தேடியது ஒரு நிஜ ஆமை. அடுத்த தீவில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் நர்ஸம்மாவையும் உட்காரவைத்து ஒரு முனையைக் கையில் கொடுத்தார்கள். யாரும் ஆடிக் காட்டவில்லை. வேலை கிடக்கும்போது எவன் ஆடுவான்?

சாயங்காலம் கரைக்கு வந்ததும் நர்ஸம்மா ஈரக் கையோடு அழுத்திக் கையெழுத்துப் போட்டார். அதிகாரி படிவத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"என்னய்யா, நனைஞ்சிருக்கு, மணல் ஒட்டியிருக்கு. மத்த பதினொண்ணும் எவ்வளவு சுத்தமா இருக்கு பாரு. இதுதான் எனக்குச் சந்தேகமா இருக்கு."

"சார், அந்தம்மா நிஜமாவே பார்த்தாங்க."

"அதான் தப்பு. இந்த ஒரு தடவை மன்னிச்சு விடுறேன். இனிமே யாரையும் இப்படிக் கூட்டிட்டுப் போகாத."

உரிமத்தில் முத்திரை விழுந்தது. பெண்டாட்டியிடம் தப்பித்த தெம்பில் படகுக்காரருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"சார், நீங்களும் ஒரு நாள் வந்து பார்க்கலாமே?"

அதிகாரி மின்விசிறியைத் தன் பக்கம் இன்னும் கொஞ்சம் திருப்பிக்கொண்டார்.

"நான் எதுக்குய்யா வரணும்? வேலையில சேர்ந்த அன்னைக்கே எல்லாத் தீவையும் பார்த்துட்டதாக் கையெழுத்துப் போட்டாச்சே."